உணவுக்குழாயில் ஆரம்பப் புற்று: எரிப்பதற்கு முன் உரித்துப் பார்க்க வேண்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். பீடியும் மாவாவும் (புகையிலை கலந்த பாக்கு) நெடுநாள் பழக்கம், குடியும் உண்டு. நெஞ்செரிச்சல் என்று போனவருக்கு டியூப் விட்டுப் பார்த்ததில், உணவுக்குழாயில் 28-வது சென்டிமீட்டரில் இரண்டு செ.மீ. அளவுக்கு ஒரு சிவந்த திட்டு. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால், 'ஸ்குவாமஸ் வகை, ஹை கிரேடு டிஸ்பிளாசியா' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதாவது, குழாயின் உள்தோலில் இருக்கும் தட்டையான (ஸ்குவாமஸ்) செல்கள் புற்றுக்கு முந்தைய படி வரை கெட்டிருக்கின்றன. ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து குழாயையே எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், டியூப் வழியாகவே எரித்துவிடலாம் என்கிறார். தாய்மாமாவோ கத்தி பட்டால் பரவிவிடும், நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நான் குடல் நோய் மருத்துவன். பல வருடமாக வடசென்னையில்தான் இந்த டியூபைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா சொல்வதை விட்டுவிடுங்கள். குழாயை எடுக்கும் ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம், எரிக்கவும் அவசரப்பட வேண்டாம். அந்தத் திட்டை டியூப் வழியாகவே ஒரே துண்டாக உரித்தெடுத்து, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மற்ற முடிவெல்லாம் அந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், உங்கள் அப்பாவுக்கு இது அகப்பட்டதே பெரிய விஷயம். உணவுக்குழாய்ப் புற்று ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தராது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள், இட்லி நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது, சோற்றை ரசம் ஊற்றிக் குழைத்தால்தான் இறங்குகிறது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள். அதற்குள் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருப்பார்கள். குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை உள்ளது. அதனால் பாதிக்கு மேல் அடைத்த பிறகுதான் விழுங்குவதில் சிரமம் தெரியும். அந்தக் கட்டத்தில் எரிப்பது, உரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அப்பா நெஞ்செரிச்சலுக்காகப் போய் தற்செயலாக அகப்பட்டிருக்கிறார். இந்தத் திட்டுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் சம்பந்தம் இல்லாமலே கூட இருக்கலாம்.

28-வது சென்டிமீட்டர் என்பது முன்பல்லிலிருந்து அளப்பது. டியூபின் மேலேயே அளவுக் கோடுகள் இருக்கும். ஏறத்தாழ 15 செ.மீ.யில் உணவுக்குழாய் ஆரம்பித்து, 40 செ.மீ. வாக்கில் இரைப்பையில் முடியும். ஆக, 28 என்றால் குழாயின் நடுப்பகுதி. புகையிலை, சாராயம், பாக்கு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானம் ஆகியவற்றால் வரும் ஸ்குவாமஸ் வகைப் புற்று அதிகம் உட்காரும் இடம் அதுதான். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதையே புற்றுக்கு வழிவகுக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. டீக்கடையில் கிளாஸை வாங்கி ஊதாமல் அப்படியே இறக்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். போகட்டும், உங்கள் அப்பா விஷயத்தில் மாவாவும் பீடியும் குடியும் சேர்ந்திருக்கும்போது டீயை முதல் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை.

ஏன் ஸ்குவாமஸ் என்பதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'எரித்தால் போதும்' என்ற நம்பிக்கை பெரும்பாலும் வேறொரு நோயிலிருந்து வந்தது. மேலை நாடுகளில் அதிகம் பார்ப்பது பேரட்ஸ் உணவுக்குழாய். இரைப்பை அமிலம் வருடக்கணக்கில் மேலேறி, குழாயின் கீழ்ப்பகுதித் தோல் குடல் தோல் மாதிரி மாறிவிடும். 1950-இல் இதைப் பற்றி எழுதிய நார்மன் பேரட் என்ற லண்டன் அறுவை மருத்துவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அது பல படிகளாகக் கெட்டு, கடைசியில் அடினோகார்சினோமா என்ற புற்றாகலாம். அந்தப் பேரட்ஸ் தோலை எரிப்பதற்குத்தான் ஆர்.எஃப்.ஏ. எனப்படும் ரேடியோ அலை அப்லேஷன் பேர் வாங்கியது. 2009-இல் அமெரிக்காவில் 127 பேரை வைத்து வெளிவந்த ஆய்வில், ஹை கிரேடு டிஸ்பிளாசியா இருந்தவர்களில் எரித்த குழுவில் 81 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் அது அடியோடு போனது. எரிப்பதுபோல் பாவனை மட்டும் செய்த குழுவில் 19 சதவீதம். நோயாளிகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், எரித்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் எரிக்காதவர்களில் 9.3 சதவீதம் பேருக்கும் புற்று வந்தது. நல்ல சிகிச்சை, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கேயும், கண்ணுக்குத் தெரிகிற மேடோ திட்டோ இருந்தால் அதை வெட்டியெடுத்து ஆராய்ந்த பிறகுதான், மீதமிருக்கும் தட்டையான தோலை எரிப்பார்கள். இந்த இரண்டாவது பாதி மட்டும் நம் ஊர்க் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எரிப்பது எப்படி என்று கேட்டால்: டியூபோடு ஒரு பலூனையோ சின்னப் பட்டையையோ உள்ளே கொண்டுபோவார்கள். அதன் மேல் மெல்லிய மின்கம்பிகள் நெருக்கமாக இருக்கும். சதுர செ.மீ.க்கு 12 ஜூல் வாக்கில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சக்தி பாயும். தோல் வெள்ளையாக வெந்துபோகும், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒரு தடவை. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாதபடி அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே சூடு போனால் குழாய் ஓட்டையாகவோ சுருங்கவோ வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று மாத இடைவெளியில் தேவைக்கேற்ப மறுபடி செய்வார்கள். இங்கே ஒரு விஷயம். நம் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சையை 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அது வேறு, இது வேறு. டாக்டர் 'கரண்ட்' என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் குழப்பிக்கொண்டு சம்மதக் கையெழுத்துப் போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

திரவ நைட்ரஜனை மைனஸ் 196 டிகிரியில் பீய்ச்சி உறையவைப்பது, ஆர்கான் வாயு வழியாகக் கருக்குவது என்று வேறு வழிகளும் உண்டு. முன்பு, மருந்தை ஊசியாகப் போட்டு ஒளியைப் பாய்ச்சும் முறை ஒன்று பிரபலமாக இருந்தது. அதைச் செய்துகொண்டவர் வாரக்கணக்கில் வெயில் படாமல் இருக்க வேண்டும். சென்னையில் எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த எல்லா வழிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எரித்த பிறகு கையில் எதுவும் மிஞ்சாது. லேபுக்கு அனுப்ப ஒரு துணுக்குகூட இருக்காது. அதில் என்ன இருந்தது, எவ்வளவு ஆழம் போயிருந்தது, ஓரங்கள் சுத்தமாக இருந்தனவா என்ற கேள்விகளுக்குப் பதில் அதோடு போய்விடும்.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? உணவுக்குழாயின் சுவரில் மேலே மெல்லிய தோல், அதன் கீழே ஒரு தளர்வான அடுக்கு, பிறகு நூல் மாதிரி ஒரு தசை அடுக்கு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சளிச்சவ்வு. அதற்கும் கீழே அடிச்சவ்வு, அப்புறம் கெட்டியான தசை. குடலின் மற்ற பகுதிகளில் இல்லாத ஒரு சங்கடம் இங்கே உண்டு. நிணநீர்க் குழாய்கள் மேலடுக்கு வரைக்கும் ஏறி வந்து, நீளவாட்டில் மேலும் கீழும் ஓடுகின்றன. புற்று கொஞ்சம் இறங்கினாலே கழுத்துக்கோ வயிற்றுக்கோ போய்ச் சேர வழி கிடைத்துவிடும். ஸ்குவாமஸ் புற்று மேல் இரண்டு அடுக்கோடு நின்றிருந்தால் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழ். நூல் தசையைத் தொட்டுவிட்டால் ஏறத்தாழ 10. அடிச்சவ்வில் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்டால் 30 முதல் 50 வரை போகிறது. கால் மில்லிமீட்டர் கூட இல்லாத வித்தியாசம், அப்பாவுக்கு வீட்டுக்குப் போய் ரசஞ்சோறு சாப்பிடலாமா, இல்லை நெஞ்சைத் திறக்க வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது. இதை வெளியிலிருந்து எந்த ஸ்கேனும் இந்த நுணுக்கத்தோடு சொல்லாது. சி.டி.யும் டியூப் வழி அல்ட்ராசவுண்டும் நெறிக்கட்டி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க உதவும், அவை அவசியமும் கூட.

பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கிள்ளும் கம்பி எடுப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு. திட்டின் மிக மோசமான இடத்தில்தான் கிள்ளினோம் என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஹை கிரேடு டிஸ்பிளாசியா' என்று வந்தது, முழுசாக எடுத்துப் பார்க்கும்போது உள்ளே இறங்கிய புற்றாக இருப்பது எங்களுக்குப் பழகிய விஷயம். அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் திரும்பத் திரும்பச் சதை எடுக்கவும் கொடுக்காதீர்கள். அந்த இடம் தழும்பாகி அடியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு உரித்தெடுப்பது கஷ்டமாகிவிடும்.

ஸ்குவாமஸ் திட்டை எரிப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உணவுக்குழாயில் சின்னச் சின்னச் சுரப்பிகள் அடிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும், அவற்றின் குழாய்கள் மேலே வந்து திறக்கும். கெட்ட செல்கள் இந்தக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கியிருந்தால், மேலே எரித்த சூடு அங்கே போய்ச் சேராது. மேலே புதுத்தோல் அழகாக மூடிவிடும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். சீனாவில் தட்டையான ஸ்குவாமஸ் திட்டுகளுக்கு ஆர்.எஃப்.ஏ. செய்து பார்த்திருக்கிறார்கள், பலருக்குத் தோல் சுத்தமாகியும் இருக்கிறது. இருந்தும், உரித்தெடுக்க முடிகிற ஒருவருக்கு அதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். ஈரல் கெட்டு ரத்தநாளங்கள் புடைத்திருப்பவர், உரிக்கும் சிகிச்சையைத் தாங்க முடியாத அளவுக்கு இதயமோ நுரையீரலோ பலவீனமானவர், இப்படிப்பட்டவர்களுக்கு எரிப்பது ஒரு வழி. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

சரி, உரித்தெடுப்பது எப்படி? ஈ.எஸ்.டி. என்று பெயர், ஜப்பான்காரர்கள் வளர்த்தெடுத்த கலை. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டுத்தான் செய்வார்கள். முதலில் திட்டின் எல்லை எது என்று பார்க்க அயோடின் கரைசலைத் தெளிப்போம். 1829-இல் லூகால் என்ற பிரெஞ்சு மருத்துவர் வேறு எதற்கோ செய்த கரைசல் இது, இன்றைக்கும் இந்த வேலைக்கு அதைத்தான் நம்புகிறோம். நல்ல தோலில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பதால் அயோடின் பட்டதும் பழுப்பாக மாறும். கெட்ட இடம் நிறம் பிடிக்காமல் மஞ்சள் வெளுப்பாக நிற்கும், ஓரிரு நிமிடத்தில் அது ரோஜா நிறத்துக்கு வந்தால் ஹை கிரேடோ புற்றோ என்ற சந்தேகம் வலுக்கும். சாதாரண வெளிச்சத்தில் இரண்டு செ.மீ. என்று நினைத்தது, அயோடின் போட்டதும் மூன்றரை செ.மீ.யாக விரிவதை அந்த அறையில் இருந்தால் நேரில் பார்க்கலாம். தைராய்டு தொந்தரவோ அயோடின் அலர்ஜியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெளித்த பிறகு கொஞ்சம் நெஞ்சு எரியும்.

எல்லை தெரிந்ததும் சுற்றிலும் புள்ளி வைத்து, அடியில் நீல நிறம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றுவார்கள். திட்டு மேலே உப்பிக்கொண்டு வரும். இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத கத்தியால் சுற்றி வெட்டி, அந்த நீல அடுக்கின் வழியாகவே உரித்துக்கொண்டு போவார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வெளியே எடுத்ததும் அதைத் தெர்மாகோல் துண்டின் மேல் விரித்து, சுற்றிக் குண்டூசி குத்தி, எது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் என்று எழுதி ஃபார்மலினில் போட வேண்டும். குத்தாமல் போட்டால் சுருண்டு போகும், லேபில் ஓரம் எது அடி எது என்று தெரியாது. பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் ஒரு இடத்தில் ஈ.எஸ்.டி. ஒழுங்காக நடக்கிறதா என்று நான் அறிந்துகொள்வது இந்தக் குண்டூசியைப் பார்த்துத்தான். லேபில் அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஆழத்தை அளப்பார்கள்.

இரண்டு செ.மீ.க்குக் குறைவானதைக் கண்ணியில் பிடித்து வெட்டும் எளிய முறை ஒன்றும் உண்டு, ஈ.எம்.ஆர். என்பார்கள். சீக்கிரம் முடியும், ஆனால் பெரிதானால் துண்டு துண்டாகத்தான் வரும். உங்கள் அப்பாவுக்கு ஒரே துண்டாக வருவது நல்லது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ரத்தம் கசியலாம், குழாய் சில பேருக்கு ஓட்டையாகலாம். பெரும்பாலும் அங்கேயே கிளிப் போட்டு அடைத்துவிடலாம். நிஜமாகத் தொல்லை தருவது பின்னால் வரும் சுருக்கம். குழாயின் சுற்றளவில் முக்கால் பாகத்துக்கு மேல் உரிக்க வேண்டி வந்தால், ஆறினபின் தழும்பு இறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள், அப்படியும் வந்தால் பலூன் வைத்து விரிப்பார்கள். உங்கள் அப்பாவின் திட்டு இரண்டு செ.மீ.தான் என்றால் இதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் திரவம், அப்புறம் கஞ்சி, குழைந்த சோறு என்று படிப்படியாகப் போக வேண்டும். காரக் குழம்பும் கருவாடும் சில வாரம் காத்திருக்கட்டும். அமில மாத்திரை பல வாரம் ஓடும். வீட்டுக்கு வந்த பிறகு கடும் நெஞ்சுவலி, காய்ச்சல், கருப்பு மலம், ரத்த வாந்தி, மூச்சுத் திணறல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று காற்று இருப்பது போன்ற உணர்வு, இதில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் என்ன? மேல் இரண்டு அடுக்கோடு நின்றிருக்கிறது, ஓரமும் அடியும் சுத்தம், ரத்தநாளத்திலோ நிணநீரிலோ நுழையவில்லை என்றால், அதுவே முழுச் சிகிச்சை. நூல் தசையைத் தொட்டிருந்தால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்தோ, குழாயை எடுக்கும் ஆபரேஷனோ வேண்டும். அந்த ஆபரேஷனில் உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி செய்து மேலே இழுத்துக் கழுத்திலோ நெஞ்சிலோ ஒட்டுவார்கள். தேர்ந்த கைகளிலும் உயிராபத்து சில சதவீதம் உண்டு, பிழைத்தவர்களும் வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். தேவைப்பட்டால் செய்துதான் ஆக வேண்டும். தேவையா என்று தெரியாமலே செய்துகொள்ளாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. கத்தி பட்டதால் புற்று பரவுவதில்லை. முற்றிய நிலையில் வந்து, ஆபரேஷன் செய்தும் பிழைக்காதவர்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பேச்சு உருவாகியிருக்கிறது. அவரைக் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டரிடமே கேட்கட்டும்.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. மாவாவும் பீடியும் குடியும் குழாயின் ஒரு இடத்தை மட்டும் கெடுப்பதில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாமே அதே புகையிலும் சாற்றிலும் ஊறியவை. அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு தடவை முழுசாகக் காட்டிவிடுங்கள். அயோடின் தெளித்தபோது வேறு இடங்களிலும் புள்ளி புள்ளியாக நிறம் பிடிக்காமல் இருந்ததா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். இருந்தது என்றால் பின்னால் வேறொரு இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு அதிகம். உரித்தெடுத்த பிறகும் முதலில் சில மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடா வருடம் டியூப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். குடியை நிறுத்தியவர்களுக்குப் புதிதாக வருவது குறைகிறது என்று ஜப்பானியத் தொடர் கண்காணிப்புகள் காட்டுகின்றன. நிறுத்தச் சொல்வது எங்களுக்குச் சுலபம் என்று தெரியும். அடிக்கடி வாயில் எதையாவது அடக்கிக்கொண்டே வேலை பார்த்துப் பழகிய உடம்பு அது. புகையிலையை நிறுத்துவதற்கு மருந்தும் ஆலோசனையும் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

எங்கே போவது? தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான், பழைய ஜெயில் ரோட்டில். அங்கே குடல் மருத்துவம், குடல் அறுவை இரண்டு பிரிவுகளும் உண்டு. மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அடையாறில் 1954-இலிருந்து இயங்கும் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் ஈ.எஸ்.டி. அங்கே வழக்கமாகச் செய்கிறார்களா, செய்கிறவர் உணவுக்குழாயில் செய்து பழகியவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் செய்துகொள்ள வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், தேதி வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

போகும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு எண்டோஸ்கோபி படங்களையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சதை டெஸ்ட் செய்த லேபில், அப்பா பெயரில் உள்ள ஸ்லைடையும், சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கலாம், ஒரு கையெழுத்துப் போட்டால் கொடுப்பார்கள். அது இருந்தால் புது இடத்தில் மறுபடி கிள்ளாமலே வேறொரு நோய்க்கூறு மருத்துவர் பார்த்துச் சொல்ல முடியும். மெழுகுக் கட்டியை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.